எழுதுவது ஓரிடம், அஞ்சலில் சேர்ப்பது ஓரிடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்

அஞ்சல் நிலையத்துக்குச் சென்றவர்கள் அங்கே ஒரு சாய்வு மேசையையும், அதில் சரடு கட்டித் தொங்கவிட்ட பேனாவையும் பார்த்திருப்பார்கள். ஒரு முகவரி எழுத அந்தப் பேனா போதும். நான்கு பக்கக் கடிதத்தை அங்கே நின்றுகொண்டு, அந்தப் பேனாவால் எழுதுவார் யாரும் இலர். வீட்டில் நமக்கு வாகான பேனாவால் எழுதி, மடித்து எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போடுகிறோம். எழுதுவது வேறு வேலை, அனுப்புவது வேறு வேலை என்பது காகிதக் கடிதத்தில் நமக்குச் சொல்லித் தராமலேயே தெரிகிறது. மின்னஞ்சலுக்கு வரும்போது இதை மறந்துவிட்டு, அனுப்பும் நிரல் காட்டுகிற சிறு பெட்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் எழுதுகிறோம். அது சரடு கட்டிய பேனாதான்.

இதை நான் உணர்ந்தது ஒரு நட்டத்தினால். முதலாமாண்டில் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் என் பெயர் ஓர் எழுத்து மாறிப் பதிவாகியிருந்தது. அதைத் திருத்த வேண்டி ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் இருந்த செய்திப் பெட்டியில், தமிழில், ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டச்சிட்டேன். அப்பா அன்று வேலைக்குப் போகாமல் சான்றிதழ்ப் பையோடு பக்கத்தில் அமர்ந்திருந்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், நெடுநேரம் ஆகிவிட்டது, மீண்டும் உள்நுழைக என்றது பக்கம். உள்நுழைந்தேன். பெட்டி காலியாக இருந்தது. "எழுதினதெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரையை அதற்குரிய விடை என்றும் கொள்ளலாம்.

பெட்டியில் எழுதிய எழுத்துகள் எந்தக் கோப்பிலும் இல்லை; உலவியின் நினைவகத்தில் மட்டும் இருந்தன. பக்கம் மாறியதும் அவையும் போயின. இன்றைய பெரிய இணைய அஞ்சல் சேவைகள் எழுத எழுதவே வரைவைச் சேமித்துக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் பெட்டிகளும் அப்படியல்ல. எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட நிரல் ஒன்று உண்டு. அதற்கு எடிட்டர் என்று பெயர். அதில் எழுதியதை அஞ்சல் நிரலிடம் ஒப்படைக்கும் வழி மின்னஞ்சல் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டது.

தட்டச்சு முனையத்தின் காலம்

ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலைப்பின்னல் வழியே முதன்முதலாக அஞ்சல் அனுப்பியது 1971ஆம் ஆண்டில். அக்காலத்தில் பெரும்பாலோர் கண்ட முனையம் திரை உடையதன்று. காகிதச் சுருளில் அச்சிடும் தட்டச்சு இயந்திரம். அச்சான வரி அச்சானதுதான். ஆகவே எடிட்டர்களும் வரிவரியாக வேலை செய்தன. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1969இல் எழுதிய 'எட்' அத்தகையது. ஐந்தாம் வரியைக் காட்டு, அதில் இந்தச் சொல்லை மாற்று என்று ஆணையிட வேண்டும்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கர்ட் ஷோன்ஸ் 1978இல் 'மெயில்' என்னும் நிரலை எழுதினார். அதில் கடிதத்தை வரிவரியாகத் தட்டிக்கொண்டே போகலாம். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு வந்துவிட்டால் பின்னே போய்த் திருத்த முடியாது. இந்தக் குறையை நிரலுக்குள்ளேயே ஓர் எடிட்டரைக் கட்டித் தீர்க்க அவர் முயலவில்லை. ஒரு கதவைத் திறந்து வைத்தார். வரியின் தொடக்கத்தில் ஓர் அலைக்குறி (~) இட்டால், அடுத்து வருவது கடிதத்தின் பகுதியன்று, நிரலுக்கு இடும் கட்டளை என்று பொருள். அலைக்குறியோடு 'இ' என்னும் ஆங்கில எழுத்தை இட்டால், அதுவரை எழுதியது ஓர் எடிட்டரில் திறக்கும். 'வி' இட்டால் வேறோர் எடிட்டரில் திறக்கும். முன்னது எட் போன்ற வரி எடிட்டருக்கு; பின்னது அதே பெர்க்லியில் பில் ஜாய் 1976 முதல் உருவாக்கி வந்த 'விஐ' போன்ற முழுத்திரை எடிட்டருக்கு. எந்த எடிட்டர் என்பதைப் பயனர் 'எடிட்டர்', 'விஷுவல்' என்னும் இரண்டு சூழல் மாறிகளில் எழுதி வைக்கலாம். காகித முனையத்தில் இருப்பவருக்கு ஒன்று, திரை முனையத்தில் இருப்பவருக்கு மற்றொன்று. அந்தக் காகித முனையங்கள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆயின. மாறிகள் இரண்டும் யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் இன்றும் இருக்கின்றன.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய 'பைன்' என்னும் அஞ்சல் நிரலில் கடிதம் எழுத எளிய எடிட்டர் ஒன்று உள்ளேயே இருந்தது. அது பலருக்கும் பிடித்துப்போகவே, 'பைக்கோ' என்ற பெயரில் தனி நிரலாக வெளியே வந்தது. அதன் உரிமம் கட்டற்றதாக இல்லாததால், அதைப்போலவே இயங்கும் வேறொன்று 1999இல் எழுதப்பட்டு, 2000இல் 'நானோ' என்று பெயர் பெற்றது. நம் ஆய்வக லினக்ஸ் கணிப்பொறிகளில் இருக்கும் நானோவின் பாட்டன் வீடு ஓர் அஞ்சல் நிரல்!

நிரல் காத்திருக்கிறது

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் தொடங்கிய 'மட்' என்னும் அஞ்சல் நிரலை எடுத்துக்கொள்கிறேன். முனையத்தில் இயங்கும் இதற்கென்று முழுத்திரை எடிட்டர் எதுவும் கிடையாது. வெளி எடிட்டரை நம்பியே பிழைக்கிறது.

புதுக் கடிதம் என்று கட்டளையிட்டதும் மட் பெறுநர் யார், பொருள் என்ன என்று கேட்கிறது. பிறகு ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கி, நம் கையொப்ப வரிகளை அதில் இட்டு, பதில் கடிதமானால் வந்த கடிதத்தையும் மேற்கோள் குறியோடு சேர்த்து, எடிட்டரை அழைத்து அக்கோப்பின் பெயரைக் கொடுக்கிறது. அதன்பின் மட் ஒன்றும் செய்வதில்லை, காத்திருக்கிறது. இயக்க முறைமைப் பாடத்தில் தாய்ச் செயல், சேய்ச் செயல் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் காணவில்லை. சேய் முடியும்வரை தாய் உறங்குகிறது. நாம் சேமித்து எடிட்டரை மூடியதும் தாய் விழித்து, அதே கோப்பைத் திறந்து படிக்கிறது. இரண்டு நிரல்களுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் இவ்வளவுதான்: ஒரு கோப்பின் பெயர், ஒரு காத்திருப்பு. எடிட்டருக்குத் தான் திருத்துவது கடிதம் என்பதே தெரிய வேண்டியதில்லை.

எடிட்டரை மூடியவுடன் கடிதம் போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். போகாது. மட் ஒரு பட்டியலைக் காட்டி நிற்கும். மீண்டும் திருத்தலாம், இணைப்புச் சேர்க்கலாம். அனுப்பு என்று சொன்னால்தான் அனுப்பும். கோப்பில் எந்த மாற்றமும் செய்யாமல் மூடினால், எழுதும் எண்ணத்தைக் கைவிட்டோம் என்று கருதி அக்கடிதத்தையே விட்டுவிடும்.

இந்தக் கடைசி விதிதான் என்னை முதல் நாள் திண்டாட வைத்தது. வகுப்பில் பழகிய விஎஸ் கோடையே எடிட்டராக அமைத்திருந்தேன். புதுக் கடிதம் என்றதும் சாளரம் திறந்தது. நிதானமாக எழுதிச் சேமித்தேன். முனையத்துக்குத் திரும்பிப் பார்த்தால், மாற்றமில்லாத கடிதம் கைவிடப்பட்டது என்ற அறிவிப்பு இருந்தது. காரணம் இது: விஎஸ் கோட் சாளரத்தைத் திறந்துவிட்டு, அழைத்தவரிடம் 'முடிந்தது' என்று உடனே சொல்லிவிடுகிறது. தாய் உடனே விழித்துக்கொண்டது, கோப்பு மாறவில்லை என்று கண்டது, போய்விட்டது. நான் எழுதியதோ உரியவர் இல்லாத கோப்பில். இத்தகைய வரைகலை எடிட்டர்களிடம் 'காத்திரு' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். விஎஸ் கோடுக்கும் ஜிஎடிட்டுக்கும் 'வெயிட்', கேட் எடிட்டருக்கு 'பிளாக்' என்ற விருப்பச் சொல்லை ஆணையோடு சேர்த்தால் போதும். கிட் நிரலில் 'கமிட்' செய்யும்போது குறிப்பு எழுத எடிட்டர் திறக்கிறதல்லவா? அங்கும் இதே ஒப்பந்தம், இதே பிழை, இதே தீர்வு.

பெறுநர், பொருள் ஆகிய தலைப்பு வரிகளையும் எடிட்டரிலேயே காட்டும்படி மட்டை அமைக்கலாம். அப்போது ஒன்றில் கவனம் தேவை. தலைப்புக்கும் உடலுக்கும் நடுவே உள்ள வெற்று வரிதான் எல்லைக்கோடு. அதை அழித்துவிட்டால் கடிதத்தின் முதல் வரி தலைப்போடு கலந்து குழப்பம் விளையும்.

தமிழில் எழுதுவோர்க்கு

வெளி எடிட்டர் என்றால் விஐ வகையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எங்கள் விடுதியில் ஒரு கட்சி இருக்கிறது. ஆங்கிலத்திலும் நிரல்மொழியிலும் எழுதுவோர்க்கு அது சரி. தமிழுக்கு நான் உடன்படவில்லை. முனையம் என்பது கணக்கு நோட்டைப்போல ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம். 'இ'யும் 'ணை'யும் ஒரே அகலத்தில் அடங்குமா? கொம்பும் காலும் புள்ளியும் இடம் தவறி நிற்கின்றன. சுட்டி ஓரிடத்தில் இருக்க, எழுத்து வேறிடத்தில் அழிகிறது. கேட், ஜிஎடிட் போன்ற வரைகலை எடிட்டர்களில் இத்தொல்லை இல்லை. அஞ்சல் நிரல் முனையத்தில் இருக்கட்டும், எடிட்டர் வரைகலையில் இருக்கட்டும் என்று பிரித்துக்கொள்ள முடிவது, எழுதும் கருவியும் அனுப்பும் கருவியும் வேறுவேறாக இருப்பதால்தான். மட் நிரலை எழுதியவர் தமிழை நினைத்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவர் கதவைத் திறந்து வைத்ததே போதுமானதாயிற்று.

அடுத்தது குறியாக்கம். பெட்டி காலியான மறுநாள், விண்டோஸ் 7 இருந்த ஒரு பழைய கணிப்பொறியில், நோட்பேடில் அதே கடிதத்தை மீண்டும் எழுதினேன். சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் 'சரி' என்றேன். பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால் கடிதம் முழுவதும் கேள்விக்குறிகள்! அக்கால நோட்பேட், நாம் மாற்றாதவரை, ஆன்சி என்னும் குறியாக்கத்திலேயே சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்பிலிருந்துதான் யுடிஎஃப்-8 இயல்பானது. ஆகவே எந்த எடிட்டரானாலும் முதலில் யுடிஎஃப்-8 என்று உறுதி செய்துகொண்டே தமிழில் எழுதத் தொடங்க வேண்டும். அஞ்சல் நிரலும் கோப்பை அதே குறியாக்கத்தில் படிக்க வேண்டும்.

யுடிஎஃப்-8இல் 'தமிழ்' என்னும் சொல்லின் அளவு என்ன? நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணிப்பொறிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆக 15 பைட்டு. மின்னஞ்சல் விதிகளின்படி ஒரு வரி, முடிவுக் குறிகள் நீங்கலாக, 998 பைட்டுக்கு மேற்படக் கூடாது. 998ஐ மூன்றால் வகுத்தால் 332. சுமார் 35, 40 சொற்கள் கொண்ட பத்தியை வரி முறிக்காமல் எழுதினாலே நாம் எல்லையைத் தொட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த எல்லை இருப்பதே தெரியாமல் போகலாம். நீண்ட வரியையும், ஆங்கிலம் அல்லாத எழுத்தையும் பழைய வழிகளிலும் சிதையாமல் அனுப்ப, அஞ்சல் நிரல்கள் உரையை வேறு உருவில் மாற்றிக் கட்டுகின்றன. ஒரு முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரிகிறது. 'தமிழ்' 45 குறிகளாகும். பேஸ்-64 என்னும் மற்றொரு முறையில் மூன்று பைட்டு நான்கு குறிகளாகும்; அதே சொல் 20 குறிகளில் முடிந்துவிடும். தமிழ்க் கடிதத்துக்குப் பின்னதே சிக்கனம். இந்தக் கட்டும் வேலை அஞ்சல் நிரலுடையது. எடிட்டர் இதில் தலையிடுவதில்லை, தலையிடவும் கூடாது.

எடிட்டர் செய்யக்கூடாத உதவிகள்

நல்லது செய்வதாக எண்ணி எடிட்டர் கெடுக்கும் இடங்கள் சில உண்டு. வரிக் கடைசியில் வீணாக நிற்கும் இடைவெளிகளைத் தானே நீக்கும்படி நிரலெழுதுவோர் பலர் எடிட்டரை அமைத்திருப்பார்கள். மின்னஞ்சலில் அந்த இடைவெளி வீணன்று. கையொப்பத்துக்கு முன் இரண்டு கோடும் ஓர் இடைவெளியும் கொண்ட வரி வர வேண்டும் என்பது மரபு. அந்த இடைவெளி போனால் பெறுபவரின் நிரல் கையொப்பத்தை அடையாளம் காணாது. 2004ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 3676 கூறும் முறையிலோ, வரியின் கடைசியில் இடைவெளி இருந்தால் பத்தி அடுத்த வரியில் தொடர்கிறது என்று பொருள். சிறிய கைப்பேசித் திரையில் அவ்வரிகளைச் சேர்த்து மறுபடி மடிக்க இது உதவுகிறது. இடைவெளியை எடிட்டர் துடைத்துவிட்டால் கடிதம் முறிந்த படிக்கட்டுப்போல் தெரியும்.

தானாக வரி முறிப்பதும் அப்படியே. வழக்கமான ஆங்கிலக் கடிதத்தை 72 எழுத்து அளவில் முறிப்பது நல்ல பழக்கம். திரை 80 எழுத்து அகலம்; மேற்கோள் குறிகள் சேரச் சேர இடம் வேண்டும். ஆனால் லினக்ஸ் கருவின் நிரல் திருத்தங்கள் இன்றும் மின்னஞ்சல் வழியே அனுப்பப்படுகின்றன. அங்கே ஒரு டேப் குறி இடைவெளிகளாக மாறினாலும், ஒரு வரி நடுவில் முறிந்தாலும், திருத்தம் பொருந்தாது. அத்தனை உழைப்பும் திருப்பி அனுப்பப்படும். அதனால் லினக்ஸ் ஆவணங்களில் எந்த அஞ்சல் நிரலை எப்படி அமைப்பது என்பதற்கென்றே ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டர்பேர்டில் வெளி எடிட்டரைச் சேர்த்துக்கொள்ளும் வழியும் அதில் சொல்லப்படுகிறது.

தண்டர்பேர்டும் உலவிகளும் இவ்விஷயத்தில் சற்றுக் கடினமானவை. ஃபயர்பாக்ஸில் எந்த எழுத்துப் பெட்டியையும் வெளி எடிட்டரில் திறக்க 'இட்ஸ் ஆல் டெக்ஸ்ட்' என்னும் துணைநிரல் இருந்தது. 2017இல் வந்த 57ஆம் பதிப்பு பழைய வகைத் துணைநிரல்களை விலக்கியதோடு அதன் காலம் முடிந்தது. தண்டர்பேர்டிலும் 2020ஆம் ஆண்டின் 78ஆம் பதிப்போடு அதே கதை. துணைநிரல் தன்னிச்சையாக நம் கணிப்பொறியின் பிற நிரல்களை இயக்குவது ஆபத்து என்பது இவ்விலக்குக்கு ஒரு நியாயம், அதை மறுப்பதற்கில்லை. இப்போது 'எக்ஸ்டெர்னல் எடிட்டர் ரிவைவ்டு' போன்றவை, தனியே நிறுவும் ஓர் உதவி நிரல் வழியாக இதைச் செய்கின்றன.

மின்சாரம் போனால்

விஐயின் வழியில் பிராம் மூலேனார் 1991இல் வெளியிட்ட 'விம்' எடிட்டர், எழுதும் கோப்பின் அருகிலேயே ஒரு மீட்புக் கோப்பை வைத்துக்கொள்கிறது. 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது நான்கு விநாடி கை ஓய்ந்ததும், அதைப் புதுப்பிக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பினால் நாம் இழப்பது அதிகம் போனால் ஒன்றிரண்டு வரி. என் ஒரு மணி நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். தமிழுக்கு நான் பயன்படுத்தும் கேட் எடிட்டரிலும் இவ்வகை மீட்புக் கோப்பு உண்டு.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. தற்காலிகக் கோப்புகளுக்கான பொதுக் கோப்புறை சில லினக்ஸ் அமைப்புகளில் நினைவகத்திலேயே இருக்கும். கணிப்பொறி அணைந்தால் கடிதமும் மீட்புக் கோப்பும் சேர்ந்தே போய்விடும். மட் தற்காலிகக் கோப்பை எங்கே வைப்பது என்பதை நாமே அமைக்கலாம். நம் சொந்தக் கோப்புறையில், வன்தட்டில், ஓரிடத்தைக் காட்டிவிட்டால் கவலையில்லை. அமைக்கத் தெரியாதவர் எந்த எடிட்டரிலாவது எழுதி, சேமித்து, வெட்டி ஒட்டினாலும் பயன் பெரும்பாலும் கிடைக்கும். நோட்பேடில் கடிதத்தை மூன்றாம் முறை எழுதி நான் செய்ததும் அதுதான், பெயர் திருந்தியது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கடிதத்தின் படிகள் வட்டில் தங்கிவிடுகின்றன. மட் தன் தற்காலிகக் கோப்பை உரியவர் மட்டும் படிக்கும்படி உண்டாக்கி, பின்னர் நீக்கிவிடுகிறது. எடிட்டர் இடையில் நின்றுபோனால், அது வைத்த மீட்புக் கோப்பை மட் அறியாது. நம் ஆய்வகத்தில் ஒரே பயனர் பெயரில் பலரும் அமர்வதால் அந்தக் கோப்பை அடுத்து வருபவர் திறக்க முடியும். சென்ற பருவத்தில் அப்படி ஒரு மீட்புக் கோப்பு இருப்பதாக எடிட்டர் கேட்டபோது, என்னுடையது என்று எண்ணி 'மீட்க' என்றேன். இரண்டு வரி படித்தபின்தான் வேறொருவர் வீட்டுக்கு எழுதிய பாதிக் கடிதம் என்று தெரிந்தது. மூடிவிட்டு ஆய்வக உதவியாளரிடம் சொன்னேன். அன்று மாலையே அந்த வரிசைக் கணிப்பொறிகளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுக்கத் தொடங்கினார்.